விண்ட்சர் லாட் - ஒரு மகாராஜா, ஒரு புக்கி, ஒரு பொலிகுதிரை

குதிரைப் பந்தயம் என்றாலே நம் வீடுகளில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. ரேஸ் என்றால் கிண்டி, கிண்டி என்றால் சொத்தைத் தொலைத்த யாரோ ஒரு தாத்தாவின் கதை. பழைய படங்களில் பணக்கார வீட்டு ஊதாரிப் பிள்ளை போகிற இடமும் அதுதான். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே போட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் உட்கார்ந்துகொண்டு ரேஸ் டிப்ஸ் கொடுக்கிற உத்தேசமும் இல்லை :-) ஒரே ஒரு குதிரையின் கதையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதன் பெயர் விண்ட்சர் லாட். 1934-ல் உலகத்தின் புகழ்பெற்ற பந்தயமான இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை ஜெயித்தது. அன்று அதன் சொந்தக்காரர் ஓர் இந்திய மகாராஜா. "டெர்பி ஜெயித்த ஒரே இந்திய மன்னர்" என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒற்றை வரியாக வரும். அந்த ஒற்றை வரிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று தேடிப் படித்தபோது, எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு குதிரையை "நம்முடையது" என்று எப்போது சொல்லலாம்?

மகாராஜா

ராஜ்பிப்ளா என்பது நர்மதை நதிக்கரையில் இருந்த ஒரு சமஸ்தானம். இன்றைக்கு குஜராத்தின் நர்மதா மாவட்டத் தலைநகர். 2018-ல் திறந்த பட்டேல் சிலை இருக்கிறதே, அந்த இடத்துக்குப் பக்கம்தான். பில் பழங்குடி மக்கள் நிறைய வாழும் காட்டுப் பகுதி. 1915 முதல் 1948 வரை அதை ஆண்டவர் மகாராஜா விஜய்சிங்ஜி.

மனிதருக்குக் குதிரை என்றால் உயிர். 1926-ல் எம்பார்கோ என்ற குதிரையை வைத்து அயர்லாந்தின் டெர்பியை ஜெயித்தவர். இங்கிலாந்தில் ஓல்ட் விண்ட்சர் என்ற இடத்தில் ஒரு பெரிய மாளிகை வாங்கி வைத்திருந்தார். கோடைக்கு அங்கே போய்விடுவார். லண்டன் ரேஸ் ரசிகர்கள் வாயில் 'ராஜ்பிப்ளா' நுழையவில்லை. செல்லமாக "மிஸ்டர் பிப்" என்று கூப்பிட்டார்கள்.

அவர் நியூமார்க்கெட் ஏலத்தில் ஒரு வயதுக் குட்டி ஒன்றை 1,300 கினிக்கு வாங்கினார். ஒரு கினி என்றால் ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். ஆக 1,365 பவுண்டு. குட்டி பிறந்தது 1931-ல், அயர்லாந்தில். அப்பா பிளான்ட்ஃபோர்ட். இந்த பிளான்ட்ஃபோர்டுக்குப் பிறந்த நான்கு குதிரைகள் எப்சம் டெர்பியை ஜெயித்திருக்கின்றன: 1929-ல் டிரிகோ, 1930-ல் பிளென்ஹைம், 1934-ல் நம் கதாநாயகன், 1935-ல் பஹ்ராம். அம்மா ரெஸ்ப்ளெண்டன்ட்டும் லேசுப்பட்டதில்லை. ஐரிஷ் ஓக்ஸ் ஜெயித்து, இங்கிலாந்தின் ஓக்ஸ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த பெட்டை.

ஓட்டம்

பயிற்சி கொடுத்தவர் மார்க்கஸ் மார்ஷ். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து, சுடப்பட்டு விழுந்து, ஜெர்மானியரின் கைதி முகாமில் இருந்து, திரும்பி வந்து 1952-ல் இன்னொரு டெர்பி ஜெயித்தவர். அவர் கதையே தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.

ஜாக்கி சார்லி ஸ்மிர்க். 1928-ல் இவர் ஏறிய குதிரை, பந்தயம் தொடங்கும்போது நகரவே மறுத்துவிட்டது. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லி ஐந்து வருடம் தடை போட்டார்கள். 1933-ல்தான் திரும்பி வந்தார். தொழிலில் முக்கியமான வருடங்களைத் தொலைத்துவிட்டு வந்தவரிடம் மகாராஜா தன் குதிரையைக் கொடுத்தார்.

1934 டெர்பியில் எல்லோருடைய பணமும் வேறொரு குதிரை மேல் இருந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? கொழும்பு! ஆமாம், நம் பக்கத்து வீட்டுக் கொழும்புதான். பிரபு கிளான்லி என்பவர் தன் குதிரைக்கு வைத்த பெயர். அதுவரை ஒன்பது பந்தயம் ஓடி ஒன்பதையும் ஜெயித்திருந்தது.

ஜூன் 6. கடைசி நேர்கோட்டுக்குத் திரும்பும்போது கொழும்புக்கு முன்னால் வழி அடைத்துக்கொண்டது. ஸ்மிர்க் சரியான நேரத்தில் விண்ட்சர் லாடை முன்னால் விட்டார். விண்ட்சர் லாட் முதல், ஈஸ்டன் இரண்டாவது, கொழும்பு மூன்றாவது. நேரம் 2 நிமிடம் 34 விநாடி. அதற்கு முந்தைய வருடம் ஹைபீரியன் செய்திருந்த டெர்பி சாதனைக்குச் சமம். கொழும்பின் ஜாக்கி ரே ஜான்ஸ்டன் சரியாக ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரேஸ் பைத்தியங்கள் ரொம்ப காலம் சண்டை போட்டார்கள்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மகாராஜாவை அழைத்துப் பாராட்டினார். அப்போது இந்தியா எப்படி இருந்தது என்பதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில்தான் பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டிருந்தது. ஏப்ரலில்தான் காந்தி சட்டமறுப்பை நிறுத்துவதாக அறிவித்திருந்தார். சிறைகளில் எத்தனையோ பேர். அந்த நேரத்தில் எப்சமில் ஓர் இந்தியர், நம்மை ஆண்டவர்களின் விளையாட்டில், அவர்கள் மண்ணிலேயே, அவர்கள் மன்னர் கண் முன்னாலேயே ஜெயிக்கிறார். பெருமைப்படுவதா? நர்மதைக் கரைக் குடியானவன் கட்டிய வரியில் இதற்கு எவ்வளவு போனது என்று கணக்குக் கேட்பதா? எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் தோன்றுகிறது.

கை மாறியது

அடுத்து சாண்டவுனில் எக்லிப்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயம். விண்ட்சர் லாட் மூன்றாவதாக வந்தது. அதன் பந்தய வாழ்க்கையில் அதற்குப் பிறகு தோல்வியே இல்லை. ஆனால் அந்த வெற்றிகள் எதுவும் மகாராஜா கணக்கில் சேரவில்லை. ஏனென்றால் அந்த ஜூலையிலேயே அவர் குதிரையை விற்றுவிட்டார்.

வாங்கியவர் மார்ட்டின் பென்சன், லண்டனின் பெரிய புக்கிகளில் ஒருவர். விலை 50,000 பவுண்டு. 1,365-க்கு வாங்கி 50,000-க்கு விற்றால் 36 மடங்குக்கு மேல். வியாபாரமாகப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. டெர்பி ஜெயித்த குதிரை இரண்டு மாதம்கூட முழுதாக மகாராஜாவிடம் இல்லை என்பதுதான் கதை.

செப்டம்பரில் செயின்ட் லெஜர் பந்தயம். விண்ட்சர் லாட் ஜெயித்தது, பென்சனின் நிறத்தில். 1935-ல் பர்வெல் ஸ்டேக்ஸ், கொரோனேஷன் கப், ரூஸ் மெமோரியல், அப்புறம் முந்தைய வருடம் தோற்ற அதே எக்லிப்ஸ். ஓடிய நான்கிலும் முதலிடம். மொத்தம் 13 ஓட்டம், 10 வெற்றி. அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகச் சிறந்த குதிரைகளில் ஒன்று என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாவது பந்தயம்

ரேஸ் குதிரையின் வாழ்க்கையில் நிஜமான பணம் ஓடி முடித்த பிறகுதான் ஆரம்பம். ஊரில் பொலிகாளை தெரியும் இல்லையா, அதே மாதிரி பொலிகுதிரை. ஜெயித்த ஆண் குதிரையைப் பண்ணையில் விடுவார்கள். பெட்டைகளின் சொந்தக்காரர்கள் கட்டணம் கட்டித் தங்கள் பெட்டையை அதனோடு சேர்ப்பார்கள். நம்ம ஊர் மாட்டாஸ்பத்திரியில் போடுகிற சினை ஊசி இங்கே செல்லாது. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் விதிப்படி நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டிக்குத்தான் பதிவு. அதனால் ஒரு பொலிகுதிரைக்கு அந்தக் காலத்தில் ஒரு பருவத்துக்கு நாற்பது பெட்டை என்பதே நிறைவான கணக்கு. பதினொரு மாதம் சினை. பிறந்த குட்டி ஓட இரண்டு வருடம். ஆக இன்று செலுத்திய பணம் பழுத்ததா வெம்பியதா என்று தெரிய மூன்று வருடத்துக்கு மேல் ஆகும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றினால் நூறு பொம்மையும் ஒரே முகத்தோடு வரும். ஆனால் சூளைக்குள் போன பிறகு எது நேராக நிற்கும், எதில் விரிசல் விழும் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். பொம்மைக்காவது அச்சு என்று ஒன்று இருக்கிறது. குதிரைக்கு அதுவும் இல்லை. அப்பனின் பாதி, ஆத்தாளின் பாதி, அதிலும் எந்தப் பாதி என்று யார் சொல்வது? டெர்பி ஜெயித்த அப்பனுக்குச் சராசரிக் குட்டிகள் பிறப்பதும், பந்தயத்தில் சோடை போன அப்பனுக்குச் சூரன் பிறப்பதும் சர்வ சாதாரணம்.

விண்ட்சர் லாட் 1936-ல் பென்சனின் பீச் ஹவுஸ் பண்ணையில் பொலிகுதிரை ஆனது. எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். ஆனால் அதற்கு சைனஸ் நோய் வந்து விடாமல் வாட்டியது. வைத்தியம் பலிக்கவில்லை. 1943-ல், பன்னிரண்டு வயதில், வேதனை தாங்காத நிலையில் கருணைக்கொலை செய்தார்கள். பொலிகுதிரைக்குப் பன்னிரண்டு என்பது நல்ல நடுவயது.

குட்டிகளில் சொல்லிக்கொள்ளும்படி சில உண்டு. 1939-ல் பிறந்த விண்ட்சர் ஸ்லிப்பர் 1942-ல் அயர்லாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது. இந்த மூன்று மகுடத்தையும் சூடியவை வரலாற்றில் இரண்டே குதிரைகள். 1935-ல் மியூசியம், அடுத்து இது. ஃபேஸ் என்ற பெட்டைக் குட்டி ஓட்டத்தைவிட தாய்மையில் பெயர் வாங்கியது. அதற்குப் பிறந்த நீஷம் பெல் 1951-ல் ஓக்ஸ் ஜெயித்தது, நரேட்டர் 1954-ல் சாம்பியன் ஸ்டேக்ஸ் ஜெயித்தது. மற்றபடி, அத்தனை பெரிய ஓட்டக்காரனிடமிருந்து எதிர்பார்த்த வாரிசு வரிசை வரவில்லை.

போரின்மேல் பழி போடலாம். முதல் குட்டிகள் பந்தயத்துக்கு வந்தது 1939-ல். செப்டம்பரில் போர். தீவனத்துக்கே ரேஷன். 1940 முதல் 1945 வரை டெர்பிகூட எப்சமில் நடக்காமல் நியூமார்க்கெட்டில் நடந்தது. ஆனால் இந்தச் சமாதானம் முழுதாக நிற்காது. அதே போர்க்காலத்தில், அதே பண்ணையில், அதே முதலாளியிடம் இன்னொரு பொலிகுதிரை இருந்தது.

பக்கத்துக் கொட்டடி

1938-ல் பென்சன் இத்தாலியிலிருந்து நியர்கோ என்ற குதிரையை 60,000 பவுண்டுக்கு வாங்கினார். 14 ஓட்டம், 14 வெற்றி. அதுவும் பீச் ஹவுஸுக்கே வந்தது. போரில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தனியாகப் பதுங்குகுழியே கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நியர்கோவின் மகன் டான்டே 1945 டெர்பி ஜெயித்தது. இன்னொரு மகன் நியர்க்டிக். நியர்க்டிக்கின் மகன் கனடாவில் 1961-ல் பிறந்த நார்தர்ன் டான்ஸர். குட்டையாக இருக்கிறது என்று 25,000 டாலருக்கு ஒருவரும் வாங்காமல் விட்ட குட்டி. 1964-ல் கென்டக்கி டெர்பியை இரண்டே நிமிடத்தில் ஓடி ஜெயித்தது. பிறகு பொலிகுதிரையாகி, ஒரு முறை சேர்ப்பதற்கே பத்து லட்சம் டாலர் கேட்கிற நிலைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் தரோபிரெட்களில் பெரும்பகுதியின் வம்சாவளியில் எங்காவது நியர்கோவின் பெயர் இருக்கும்.

ஒரே பண்ணை, ஒரே முதலாளி, கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று வம்சத்தின் வேராகிவிட்டது. இன்னொன்று பழைய வெற்றியாளர் பட்டியலில் ஒரு பெயராக நின்றுவிட்டது.

பழைய வியாதி

இதைப் படிக்கும்போது எனக்கு மதுரைப் பாண்டியர்கள் நினைவுக்கு வந்தார்கள். நாம் குதிரை வாங்குவது இன்று நேற்றுக் கதை இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும், சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும் எல்லோருக்கும் தெரிந்த திருவிளையாடல். கதையின் அடியில் இருக்கும் நிஜம் என்னவென்றால், அமைச்சரே பொக்கிஷப் பணத்தோடு போய் வாங்குகிற அளவுக்கு அன்று குதிரை பெரிய இறக்குமதிச் சரக்கு.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகள் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருகின்றன, ஆனால் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியவில்லை, தீனியாகச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள், லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் ஆளில்லை என்று அடுக்குகிறார். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தால்கூட இங்கே கால் கோணிய நோஞ்சான்தான் பிறக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 தங்க தினார் என்றும், வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் என்றும் பதிவு செய்கிறார். வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் கணக்கு புரிகிறது. ஒவ்வொரு வருடமும் தங்கம் போகிறது, குதிரை வருகிறது, குதிரை சாகிறது, மறுபடி தங்கம் போகிறது.

ஆங்கிலேயர்களும் மேற்கு ஆசியாவிலிருந்துதான் குதிரை வாங்கினார்கள். இன்றைய தரோபிரெட் அத்தனையும் ஆண்வழியில் மூன்றே மூன்று குதிரைகளில் போய் முடிகின்றன: டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க். டார்லி அரேபியன் 1704-ல் அலெப்போவிலிருந்து யார்க்ஷயர் போனது. நாம் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினோம். அவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் வாங்கி, யாருக்கு யார் பிறந்தது என்று எழுதி வைத்தார்கள். 1791-ல் அதைப் புத்தகமாகவே போட ஆரம்பித்தார்கள். விண்ட்சர் லாடும் நியர்கோவும் அந்த டார்லி அரேபியனின் ஆண்வழி வாரிசுகள்தான். புல்லும் குளிரும் அவர்கள் பக்கம் இருந்தது உண்மை. ஆனால் எழுதி வைப்பதற்குத் தட்பவெப்பம் தடையில்லையே.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ராஜ்பிப்ளா மகாராஜா பாண்டியனின் தொடர்ச்சிதான். பிறந்தது அயர்லாந்தில், வளர்ந்தது இங்கிலாந்தில், பயிற்சியாளரும் ஜாக்கியும் ஆங்கிலேயர்கள். பந்தயத்திலும் பண்ணையிலும் அதன் வாழ்க்கை முழுக்க அங்கேயே முடிந்தது. இந்தியத் தொடர்பு என்பது ரசீதில் இருந்த பெயர் மட்டும். அந்த ரசீதும் ஜூலையில் கை மாறிவிட்டது. மகாராஜா 1951-ல் இறந்தார்.

தோற்ற குதிரை

ஆனால் கதை அங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

1990 எப்சம் டெர்பியில் மக்கள் அதிகம் பணம் கட்டிய குதிரை ரஸீன். நார்தர்ன் டான்ஸரின் மகன். அதாவது நியர்கோவின் கொள்ளுப்பேரன். பயிற்சியாளர் புகழ்பெற்ற ஹென்றி செசில். எல்லோரும் ஜெயிக்கும் என்று நம்பிய அந்தக் குதிரை கூட்டத்தின் பின்பகுதியில் எங்கேயோ வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட குதிரையைப் பொலிகுதிரையாக வைத்துக்கொள்ள யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்.

அது இந்தியாவுக்கு வந்தது. ஹரியானாவில் இருக்கும் உஷா ஸ்டட் பண்ணையில் நின்றது. பிறகு நடந்தது எப்சமில் கைகொட்டிச் சிரித்தவர்கள் எதிர்பார்க்காதது. பல பருவங்களில் இந்தியாவின் முதன்மைப் பொலிகுதிரை ரஸீன்தான். அதன் குட்டிகள் இந்திய மைதானங்களில் பெரிய பந்தயங்களை ஜெயித்தன. அதன் பெட்டைகள் அடுத்த தலைமுறைக்குத் தாய்களாயின.

ரஸீனும் வாங்கி வந்த குதிரைதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் டார்லி அரேபியனும் யார்க்ஷயருக்கு வாங்கி வந்த குதிரைதான். வாங்கிய பிறகு என்ன செய்தோம் என்பதில்தான் வித்தியாசம். ரஸீனின் குட்டிகள் இங்கே பிறந்தன, இங்கத்திய லாயக்காரர்கள் கையில் வளர்ந்தன, இங்கத்திய வெயிலில் ஓடின. யாருக்கு யார் பிறந்தது என்ற கணக்கு நம் நாட்டுப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

விண்ட்சர் லாட் மகாராஜாவுக்கு ஒரு மதியத்தையும் 50,000 பவுண்டையும் கொடுத்தது. அந்த மதியம் உண்மையிலேயே பெரிய மதியம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் இன்று கிண்டியிலோ பெங்களூரிலோ மும்பையிலோ ஓடும் குதிரைகளின் வம்சாவளியைப் புரட்டினால், நம் மண்ணில் வேர் விட்டதாகத் தெரிவது எப்சமில் தோற்ற அந்த ரஸீனின் பெயர்தான்.